உறங்கும் மலைக்கு மூன்று வாக்கியங்கள்

எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் மூன்று பேர் தமிழர்கள் என்று கேள்விப்பட்டதும், ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருந்ததை நிறுத்திவிட்டேன். சொல்லப்போவது என் தவறுகளை. அதைத் தாய்மொழியில் சொன்னால்தான் மழுப்ப முடியாது.

கருவிகளைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்தவை இப்போது அலமாரிகளில் கிடக்கின்றன. இன்று இருப்பவற்றை என்னைவிட நீங்கள் நன்றாகக் கையாள்வீர்கள். திரையில் சாதுவாக ஓடிக்கொண்டிருந்த அதிர்வுக் கோடு ஒரு மதியம் திடீரென்று தடிக்கிறது. அப்போது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளைப் பற்றித்தான் எழுதுகிறேன். அந்த ஆள் இரண்டு முறை நானாக இருந்தேன்.

என் ஊர் தூத்துக்குடி. சென்னையில் ஜியாலஜி படித்தேன். கணவருக்கு ஹூஸ்டனில் வேலை என்பதால் டெக்சஸுக்கு வந்தேன். பிறகு கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் எரிமலைக் கண்காணிப்பு மையத்தில் இடம் கிடைத்தது. ஓய்வு பெற்று இப்போது மறுபடியும் ஹூஸ்டன் பக்கம், சுகர் லேண்டில். இங்கே பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள், "ஆன்ட்டி, கலிஃபோர்னியால உக்காந்துக்கிட்டு அலாஸ்கா மலையைப் பாத்தீங்களா? எப்படி?" நியாயமான கேள்வி. வேலை நாட்களில் நானே அதைப் பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்த மலை அலாஸ்காவில், கடலுக்குள் நீளும் ஒரு நிலத்துண்டில் இருக்கிறது. எரிகுழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்து கூம்பாக எழுந்த அடுக்கு எரிமலை. மேல் பாதி முழுக்கப் பனி. எழுதி வைத்த வரலாற்றில் அது வெடித்ததாகப் பதிவில்லை. அதனாலேயே அதைச் செத்த மலை என்று சொல்லிவிட முடியாது. அது உறங்கும் மலை. அந்த வித்தியாசத்துக்காகத்தான் நமக்கு இந்த வேலையே.

மலையடிவாரத்தில் ஒரு விரிகுடா. அதன் கரையில் ஒரு மீனவ ஊர்: ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு தபால் நிலையம். சாலை கிடையாது. வானம் விட்டால் சின்ன விமானம் வரும். பல தலைமுறைகளாக அங்கேயே வாழும் மக்கள். தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் மார்த்தா. ஊருக்கு எந்தச் செய்தி போக வேண்டுமானாலும் அவர் வழியாகத்தான் போகும்.

நான் சேர்ந்த இரண்டாவது வருடம், ஓர் அக்டோபர் மதியம். மையத்தின் தலைவர் விமானத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தார். பொறுப்பில் நான். மலையில் எங்களுக்கு மூன்று நிலையங்கள் இருந்தன. நிலையம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். மண்ணுக்குள் ஒரு அதிர்வுமானி, பக்கத்தில் பேட்டரியும், பதிவை எங்கள் திரைக்கு அனுப்பும் ஆன்டெனாவும் வைத்த ஒரு பெட்டி. மூன்றில் இரண்டு நிலையங்களின் கோடுகள் ஒரே நேரத்தில் தடித்தன. விட்டு விட்டு அல்ல, இடைவிடாத நடுக்கம். எரிகுழம்பு மேலே ஏறும்போது வரும் என்று பாடத்தில் படித்த அதே நடுக்கம். வடக்குப் பக்கத்து மூன்றாவது நிலையம் மட்டும் அமைதியாக இருந்தது. அது அடிக்கடி பழுதாகும் நிலையம். "அது கிடக்கு" என்று சொல்லி அந்தக் கோட்டை என் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன்.

எச்சரிக்கையைப் பச்சையிலிருந்து, நடுவில் இருக்கும் மஞ்சளைத் தாண்டி, நேரே ஆரஞ்சுக்கு ஏற்றினேன். மார்த்தாவைக் கூப்பிட்டு, "மலை எழுந்துவிட்டது, உடனே கிளம்புங்கள்" என்றேன். 'எழுந்துவிட்டது' என்ற அந்தச் சொல்லை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். சந்தேகத்தின் வாடையே இல்லாத சொல்.

காற்று பலமாக இருந்தது. ஆனாலும் ஊரே படகுகளில் ஏறி விரிகுடாவின் அக்கரையில் இருந்த மீன் பதனிடும் ஆலைக்குப் போனது. கரையில் ஒரு படகைக் கட்டும்போது அலை தூக்கி அடித்தது. மார்த்தாவின் தம்பி பாலின் வலது கை படகுக்கும் மேடைக்கும் நடுவே சிக்கியது. இரண்டு விரல்கள் போயின. வலை இழுக்கிறவரின் வலது கை.

மலையில் ஒன்றும் நடக்கவில்லை. மேலே பனிக்கட்டி அணைபோல் தடுத்து வைத்திருந்த ஓர் ஏரி உடைந்து, ஆறு பெருக்கெடுத்திருந்தது. வண்டி அளவுப் பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு ஓடிய வெள்ளத்தின் அதிர்வைத்தான் நான் எரிமலை என்று எண்ணினேன். நடுங்கிய இரண்டு நிலையங்களும் அந்த ஆற்றின் இரு கரைகளில் இருந்தன. வடக்கு நிலையம் ஆற்றுக்குத் தூரம். அது பழுதாகவே இல்லை. அன்று உண்மையைச் சொன்னது அது ஒன்றுதான். நான் எதிர்பார்த்த பதிலை அது தரவில்லை. அதனால் நான் அதன் பேச்சையே கேட்கவில்லை.

மறுநாள் தலைவர் வந்தார். அவர் பெயர் வேண்டாம், விரும்பமாட்டார். திட்டவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "இதை அவர்களுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?"

"இன்றைக்கே ஈமெயில் அனுப்பிவிடுகிறேன்" என்றேன்.

"அவர்கள் படகில் ஏறினார்கள். நீ விமானத்திலாவது ஏறு" என்றார்.

வானம் விடாமல் மூன்று நாள் ஒரு சின்ன விமான நிலையத்தில் காத்திருந்து போய்ச் சேர்ந்தேன். பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் ஊரே உட்கார்ந்திருந்தது. முதல் வரிசையில் கையில் கட்டோடு பால். படங்களும் வரைபடங்களும் கொண்டுபோயிருந்தேன். பத்து நிமிடம் அதிர்வுகளின் வகைகளைப் பற்றிப் பேசினேன். மார்த்தா கையை உயர்த்தினார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன்.

"நீ தவறு செய்தாயா, இல்லையா?"

"செய்தேன்."

"அதைச் சொல்ல இவ்வளவு படம் எதற்கு?"

யாரோ சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மார்த்தா விடவில்லை. "தவறு எல்லோருக்கும் வரும். நாங்களும் வானத்தைத் தப்பாகப் பார்த்துக் கடலுக்குப் போயிருக்கிறோம். ஆனால் அன்றைக்கு ஃபோனில் நீ பேசியபோது, உனக்குத் தெரிந்தது எது, நீ ஊகித்தது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அடுத்த முறை எப்படித் தெரிந்துகொள்வேன்?"

ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதிக் காட்டினேன்: நாங்கள் பார்ப்பது இது, எங்களுக்குத் தெரியாதது இது. மார்த்தா படித்துவிட்டு, "இன்னும் ஒன்று வேண்டும்" என்றார். "நீ இங்கே எங்களோடு இருந்தால் என்ன செய்வாய்? அதையும் சொல். முடிவை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்."

கிளம்பும்போது பால் இடது கையை நீட்டினார். நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் மையம் எந்த ஊருக்குப் பேசினாலும் அந்த மூன்று வாக்கியங்களோடுதான் பேசுகிறது. உங்களுக்குத் தரும் கையேட்டில் அது ஏதோ குழு கூடி வகுத்த விதிபோல அச்சாகியிருக்கும். அது ஒரு தபால்காரப் பெண்மணி எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

ஒன்பது வருடங்கள் ஓடின. தலைவர் ஓய்வு பெற்றார். அவர் நாற்காலியில் நான்.

ஒரு ஜூலை மாதம், வடக்கு நிலையத்தைப் புதுப்பிக்கச் சேவியர் போயிருந்தார். சேவியர் நாகர்கோவில்காரர், மின்னணுப் பொறியாளர், ஃப்ரீமாண்டில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. ஹெலிகாப்டர் அவரையும் உடன் ஒரு தொழில்நுட்ப உதவியாளரையும் மலையின் தோளில் இறக்கிவிட்டு, எண்ணெய் நிரப்ப ஊருக்குத் திரும்பியிருந்தது.

அலுவலகத்தில் பணியில் இருந்தவள் நித்யா. அமெரிக்காவிலேயே, பிஸ்கட்டவேயில் பிறந்து வளர்ந்தவள்; வேலைக்கு வந்து இரண்டு மாதம். நான் தமிழில் பேசினால் எல்லாம் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். மதியம் இரண்டு மணிக்கு என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஆன்ட்டி, கேன் யூ கம் அண்ட் லுக் அட் திஸ்?"

ஒரு மணி நேரத்தில் எட்டுச் சிறு அதிர்வுகள். பிறகு வேறு மாதிரி அதிர்வுகள்: மெதுவானவை, பருத்தவை, அடியில் திரவமோ வாயுவோ நகர்வதைக் காட்டுபவை. பிறகு ஒன்றுமே இல்லை. வடக்கு நிலையத்தைச் சேவியர் பிரித்துப்போட்டிருந்தார். ஆகவே என்னிடம் இருந்தவை இரண்டே கோடுகள். ஆற்றங்கரையில் இருந்த அதே இரண்டு.

என்ன தோன்றியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். படகு. மேடை. பாலின் கை.

"இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்றேன். பார்த்தோம். பத்து நிமிடம். இருபது நிமிடம். நித்யா மரியாதையாகத்தான் கேட்டாள், நாம் எதற்காகக் காத்திருக்கிறோம் என்று. சொல்ல வாயெடுத்தேன். ஆனால் புதிதாக எந்தத் தகவலும் வரப்போவதில்லை. நான் காத்திருந்தது தகவலுக்காக அல்ல, பயத்தில். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், நிதானம்போல. உள்ளே இருப்பவருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும், அவர் தன்னிடம் உண்மையாக இருந்தால்.

மார்த்தாவைக் கூப்பிட்டேன்.

"மார்த்தா, ஆற்றைப் போய்ப் பார்க்க முடியுமா? இப்போதே?"

ஏன் என்று கேட்கவில்லை. தபால் நிலையத்தைப் பூட்டிவிட்டு நாலுசக்கர மோட்டார் வண்டியில் போனார். கால் மணி நேரத்தில் திரும்ப அழைத்தார். "தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அளவும் எப்போதும்போலத்தான். அடியில் மீன் ஓடுவது தெரிகிறது."

அப்படியானால் ஆறு இல்லை. மலைதான். ஆனால் மலை என்ன செய்யப்போகிறது? அது யாருக்கும் தெரியாது. பெரும்பாலான மலைகள் இப்படிப் புரண்டு படுத்துவிட்டு மறுபடியும் உறங்கிவிடும் என்பதும் எனக்குத் தெரியும்.

செயற்கைக்கோள் ஃபோனில் சேவியரைப் பிடித்தேன். காற்று இரைச்சலில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சேவியர், என்ன நெலமையில இருக்க?"

"பாதி முடிஞ்சிட்டுக்கா. பேட்டரி கனெக்ட் பண்ணி, ஆன்டெனாவ நிமித்தி வச்சிட்டா ஆச்சு. ரெண்டு மணி நேரம்."

"கீழ இறங்கணும்னா?"

"என்னக்கா சொல்லுதீங்க? இப்போ விட்டுட்டு வந்தா மறுபடி எப்போ வானம் தெளியுமோ! பனி விழுந்திட்டுன்னா அடுத்த கோடை வரைக்கும் இந்தப் பக்கம் குருடுதான். அந்த ஊர்க்காரங்களுக்கு நாம என்ன பதில் சொல்ல?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. அதுதான் அந்த நொடியின் கஷ்டம். எதிரே நிற்பது முட்டாள்தனமாக இருந்தால் முடிவெடுப்பது சுலபம். இங்கே இரண்டு பக்கமும் நியாயம்.

"சேவியர், கேளு. ஒரு மணி நேரத்துல எட்டு அதிர்வு, அதுக்கப்புறம் மெதுவான அதிர்வு, இப்போ மொத்தமா அமைதி. ஆறு இல்ல, மார்த்தா பாத்துட்டாங்க. இது நமக்குத் தெரிஞ்சது. இது நின்னுபோகுமா, மேல வருமா, எங்க வரும், எதுவும் எனக்குத் தெரியாது."

அவரும் இந்த மையத்தில் வளர்ந்தவர். மூன்றாவதை அவரே கேட்டார்.

"நீங்க இங்க நின்னா என்ன செய்வீங்க?"

"பெட்டிய அப்படியே போட்டுட்டு எறங்கியிருப்பேன்."

"சரி. வாறோம்" என்றார். குரலில் சம்மதம் இருந்தது, சந்தோஷம் இல்லை.

அதற்குள் மேகம் தோள்வரை இறங்கிவிட்டது. ஹெலிகாப்டர் அங்கே போக முடியவில்லை. இருவரும் பாறைச் சரிவில் இரண்டரை மணி நேரம் நடந்து, மேகத்துக்குக் கீழே ஒரு மேட்டுக்கு வந்து ஏறிக்கொண்டார்கள். அந்த இரண்டரை மணி நேரமும் நித்யா திரையின் முன்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு அதிர்வு வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

இதற்கு நடுவே எச்சரிக்கையை மஞ்சளுக்கு ஏற்றினேன். மேலே பறக்கும் விமானங்களுக்குச் செய்தி போனது. மார்த்தாவிடம் மூன்று வாக்கியங்களையும் சொன்னேன். என் மூன்றாவது வாக்கியம்: "நான் அங்கே இருந்தால், வேகமாக நடக்க முடியாதவர்களை இன்றே அக்கரைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களைத் தயாராக இருக்கச் சொல்வேன்." மார்த்தா, "காற்று இல்லை, நல்ல நாள்தான்" என்றார். வயதானவர்களும் குழந்தைகளும் அன்று மாலை வெளிச்சத்திலேயே அக்கரைக்குப் போனார்கள். படகுகளைக் கட்டும் இடத்தில் பால் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் கட்டச் சொன்னாராம்.

பிறகு? ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பதினோராம் நாள் எச்சரிக்கையை மறுபடியும் பச்சைக்கு இறக்கினேன். மலை வெடித்திருந்தால் இந்தக் கதையைச் சொல்வது எளிது. நானும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லியிருப்பேன். உங்கள் வேலைக்காலத்தில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். முடிவெடுப்பீர்கள். எதுவும் நடக்காது. சரியா தவறா என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

சேவியர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு நாள் காபி எடுக்கும் இடத்தில் மட்டும் சொன்னார், "அக்கா, கோவிக்காதீங்க. அன்னைக்கு நீங்க பயந்துட்டீங்க."

"ஆமா, பயந்தேன்" என்றேன். "ஆனா மொத இருபது நிமிஷம் பயத்துக்குக் கட்டுப்பட்டேன். அதுக்கப்புறம் பயத்தை வச்சுக்கிட்டே யோசிச்சேன்." அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மார்த்தாவிடம் பேசத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. மீன்பிடிக் காலத்தில் பதினொரு நாள் ஊரின் வேலை கெட்டிருந்தது. அழைத்து, மன்னிப்புக் கேட்கும் குரலில் தொடங்கினேன். நிறுத்திவிட்டார்.

"எதற்கு மன்னிப்பு? தெரியாததைத் தெரியாது என்று சொன்னாய். அதை வைத்து நாங்கள் முடிவெடுத்தோம். தப்பாகியிருந்தால் எங்கள் தப்பு. வயதானவர்கள் அங்கே பதினொரு நாளும் சீட்டாடினார்கள், திரும்பி வர மனமே இல்லை" என்று சிரித்தார். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஃப்ரீவேயில் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு காரை ஓட்டினேன். நெஞ்சில் அவ்வளவு இடம் இருந்தது.

செப்டம்பரில், பனி விழுவதற்கு முன் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. மலை ஆறு வாரமாக அமைதி. விட்ட வேலையை முடிக்கச் சேவியரோடு நானும் போனேன். ஹெலிகாப்டர் விமானி மூன்றாவது ஆள். வடக்கு நிலையம் இருந்தது ஒரு பள்ளத்தில். காற்று அடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் அப்படித்தான் இடம் பார்ப்போம். பள்ளத்தின் விளிம்பை நெருங்கும்போது என் இடுப்பில் இருந்த வாயுமானி கூவத் தொடங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த சேவியரின் பையை விமானி பின்னாலிருந்து பிடித்து இழுத்தார்.

விளிம்பில் நின்று பார்த்தோம். பாதி திறந்து கிடந்த பெட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பறவைகள் கிடந்தன. கொஞ்சம் தள்ளி, சுருண்டு படுத்த மாதிரி ஒரு நரி. உடம்பில் காயம் ஏதும் இல்லை. தரையில் புதிதாக ஒரு விரிசல். அதன் வழியே வந்த கரியமில வாயு, காற்றைவிடக் கனமானது, கண்ணுக்குத் தெரியாமல், வாசனை இல்லாமல் அந்தப் பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது.

சேவியர் மெல்லச் சொன்னார், "அக்கா, நான் அங்கனதான் முட்டுப்போட்டுக் குனிஞ்சு வேலை பாத்திட்டிருந்தேன்."

"அன்னைக்கே வாயு வந்துதான்னு தெரியாது சேவியர். போன வாரம் கூட வந்திருக்கலாம்."

"தெரியாதா?"

"தெரியாது. அதுதான் நெசம்."

அவர் தன் மகளின் பெயரைச் சொன்னார், எனக்காக அல்ல, தனக்குள். நான் வேறு பக்கம் திரும்பிக் கடலைப் பார்த்தேன்.

உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன். அந்த நரியைக் காட்டி நான் சரி என்று நிரூபிக்க வரவில்லை. அந்தப் பள்ளத்துக்குப் போகாமலே இருந்திருந்தாலும் ஜூலையில் எடுத்த முடிவு அதே முடிவுதான். முடிவெடுத்த நேரத்தில் கையில் என்ன இருந்தது, அதை வைத்து என்ன செய்தோம், யாரிடம் எவ்வளவு உண்மையாகச் சொன்னோம் என்பதை வைத்து உங்களை எடைபோடுங்கள். பின்னால் வரும் செய்தியை வைத்து அல்ல. நல்ல செய்தியானாலும் சரி.

பழைய பெட்டியை அங்கேயே விட்டோம். புதிய நிலையத்துக்கு மேலே ஒரு முகட்டைத் தேர்ந்தெடுத்தோம். காற்று ஆளைத் தூக்கும் இடம். அதனாலேயே எந்த வாயுவும் தங்காத இடம். சேவியர் விறைத்த விரல்களோடு ஒவ்வொரு கம்பியாக இணைத்தார். விமானி கல் அடுக்கினார். நான் பேட்டரிகளைச் சுமந்தேன். அந்த வயதில் சுமந்தேன் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். மேகம் விலகியிருந்தது. கீழே விரிகுடாவும், தீப்பெட்டிகளாக அந்த ஊரும், கரையில் படகுகளும் தெரிந்தன.

எல்லாம் முடிந்ததும் நித்யாவை அழைத்தேன். "வருதாம்மா?"

"ஐ திங்க் ஸோ... பட் இட்ஸ் ஸோ ஃப்ளாட், ஆன்ட்டி. ஐ'ம் நாட் ஷுர்."

"என்ன சொல்லுதா?" என்றார் சேவியர்.

"கோடு அமைதியா இருக்காம். நம்ம கருவிதானான்னு சந்தேகமாம்."

சேவியர் கையுறைகளைக் கழற்றிப் பாறை மேல் வைத்தார். நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து நின்று, இரண்டு காலையும் சேர்த்துத் தொம்மென்று குதித்தார். ஃபோனில் நித்யாவின் கூச்சல் காற்றைத் தாண்டிக் கேட்டது.

"தெரியுது ஆன்ட்டி! தெரியுது! யாரோ குதிக்கிறாங்க!"

நித்யா என்னிடம் தமிழில் பேசியது அதுதான் முதல் தடவை. சேவியர் காதுவரை சிரித்துக்கொண்டு, "நல்லாத் தெரியுதான்னு கேளுங்க" என்றார். கேட்பதற்குள் மறுபடியும் குதித்தார். விமானியும் குதித்தார். நான் ஃபோனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அறுபதை நெருங்கிய முழங்கால்களை மறந்து, அவர்களோடு சேர்ந்து குதித்தேன்.